விடுபட்ட வருமானமும் ‘மைஸ்’ தொகுப்பும்: ஒரு பயனர் மதிப்புரை

புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் (R) மென்பொருளில் இலவசமாகக் கிடைக்கும் ‘மைஸ்’ (mice) தொகுப்பைச் சென்னைக் குடும்பங்களைப் பற்றிய கணக்கெடுப்புத் தரவில் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். டொனால்ட் ரூபின் 1987ஆம் ஆண்டு நூலில் விரித்துரைத்த, விடுபட்ட ஒவ்வொரு விடைக்கும் பல மதிப்புகளைக் கணித்து இடும் பன்முறை நிரப்பல் முறையை நடைமுறைக்குக் கொண்டுவரும் இத்தொகுப்பை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் நெதர்லாந்துப் புள்ளியியலாளர் ஸ்டெஃப் வான் ப்யூரன்.

ரேஷன் அட்டையின் வகையைத் தயங்காமல் சொல்பவர்கள்கூட, மாத வருமானம் என்றதும் “அதெல்லாம் எதுக்குங்க?” என்று நிறுத்திக்கொள்வது இந்நகரில் களப்பணி செய்த எவரும் அறிந்ததே. அப்படிப்பட்ட படிவங்களை முழுவதுமாகத் தள்ளிவிட்டுக் கணக்கிடுவதே பல மென்பொருள்களின் இயல்பு. மறுப்பவர்கள் பெரும்பாலும் வசதியானவர்களாக இருந்தால், எஞ்சியவர்களின் சராசரி தாழ்ந்துவிடும். காலியிடங்களில் சராசரியையே இட்டு நிரப்பினாலோ, பரவல் சுருங்கித் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்பதன் அளவு) பொய்யாகக் குறைந்து தோன்றும்.

மைஸ் ஒவ்வொரு மாறியையும் (வருமானம், குடும்ப அளவு போன்ற ஒவ்வொரு தகவலையும்) மற்றவற்றைக் கொண்டு சுழற்சி முறையில் கணித்து, ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும் பல முழுத் தரவுத் தொகுதிகளைத் தருகிறது. எண் மாறிகளுக்கு, கணிப்பில் நெருங்கி வரும் வேறொரு குடும்பம் உண்மையில் சொன்ன தொகையையே எடுத்து வைப்பதால், எதிர்மறை வருமானம் போன்ற அபத்தங்கள் எழுவதில்லை. தொகுதிகளின் முடிவுகளை ஒன்றிணைக்கும்போது அவற்றுக்கிடையிலான வேறுபாடும் திட்டப்பிழையில் சேர்ந்துவிடுகிறது.

எதைக் கணிக்க எதைப் பயன்படுத்துவது என்பதை நாமே வரையறுக்க உதவும் கணிப்பு அணி (predictor matrix) என்ற அட்டவணையே இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வருமானம் சொல்லாதவர்கள் கரண்ட் பில்லைக் காட்டத் தயங்குவதில்லை என்பதால், இரண்டு மாத மின்நுகர்வு நல்ல துணை மாறியாகிறது. ஆனால் பில் தொகையைவிட யூனிட் எண்ணிக்கையைச் சேர்ப்பதே சரி; 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், 40 யூனிட் எரித்த வீடும் 95 யூனிட் எரித்த வீடும் தொகையில் ஒன்றாகிவிடும். வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வாடகைக் குடித்தனங்களைத் தனியாகக் குறித்துக்கொள்வதும் அவசியம்.

குறைகளும் உண்டு. நாம் எதையும் மாற்றாவிட்டால் 5 தொகுதிகளே உருவாகும். மூன்றில் ஒரு பங்கு விடை விடுபட்ட தரவுக்கு அது போதாது, 30 அல்லது 40 வைப்பது நல்லது. ‘பதில் இல்லை’ என்பதற்கு 99 என்று பதிந்திருந்தால், மைஸ் அதை 99 ரூபாய் என்றே எடுத்துக்கொள்ளும் (இதற்கு மென்பொருளைக் குறை சொல்லவும் முடியாது). தலா வருமானம் போன்ற வருவிக்கப்பட்ட மாறிகளுக்குச் சூத்திரத்தைத் தனியே எழுதித் தராவிட்டால், வருமானமும் குடும்ப அளவும் தலா வருமானமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வரம்பு வேறு. கையிலுள்ள மாறிகளைக் கணக்கில் எடுத்தபின், மறுப்புக்கும் மறைந்த தொகைக்கும் தொடர்பில்லை என்ற அனுமானத்தின் மீதே தொகுப்பின் இயல்பு அமைப்புகள் (நாம் மாற்றாதவரை இருப்பவை) இயங்குகின்றன. தொகை பெரிது என்பதாலேயே சொல்லாதவர்கள் இருக்கக்கூடிய ஒரு நகரத்தில், நிரப்பிய தொகைகளைப் பத்து, இருபது விழுக்காடு உயர்த்தி மறுபடி ஓட்டி, முடிவு எந்த அளவில் மாறுகிறது என்று பார்க்காமல் அறிக்கை எழுதுவதை நான் ஏற்பதில்லை. அதற்கான வழி தொகுப்பிலேயே இருந்தும், புதியவர் கண்ணில் எளிதில் படும் இடத்தில் அது இல்லை.