காற்றை அளக்கும் சென்சார் தப்பாகக் கணக்குச் சொன்னால்: பழைய பெட்ரோல் காரில் என் அனுபவம்

என்னிடம் இருப்பது 1.5 லிட்டர் பெட்ரோல் கார். பல வருடமாகப் பொள்ளாச்சி பக்கத்துப் புழுதியில்தான் ஓடுகிறது. இதில் எனக்கு அதிகம் தொல்லை கொடுத்தது, ஏர் ஃபில்டர் பெட்டியை அடுத்த குழாயில் செருகியிருக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார்.

முதலில் மைலேஜ் குறைந்தது. அப்புறம் வால்பாறை ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிக்கப் இல்லாமல் இன்ஜின் தட்ட ஆரம்பித்தது. செக் இன்ஜின் லைட் மட்டும் எரியவே இல்லை. வழக்கமாக விடும் சர்வீஸ் சென்டரில் பிளக்கை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள், பலனில்லை.

இந்தச் சென்சாருக்குள் சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. உள்ளே போகும் காற்று அதைக் குளிர்விக்கும். அந்தச் சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்து ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், காற்றின் எடையைக் கணக்கிடும். 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது கணக்கு. கம்பியில் தூசி படிந்தால் காற்று குறைவாகத் தெரியும், பெட்ரோலும் குறைவாகவே போகும். சாதாரண ஓட்டத்தில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ இதைச் சரிக்கட்டிக்கொள்ளும். லைட் எரியாததற்குக் காரணம் அதுதான். முழுதாக மிதிக்கும்போது அந்த உடனடித் திருத்தம் நின்றுவிடும். அப்போதுதான் பெட்ரோல் பற்றாமல் சூடும் நாக்கிங் என்கிற அந்தத் தட்டலும் வரும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் வால்வு கருகும், பிஸ்டன் போகும்.

கடைசியில் சின்ன ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி, பியூயல் டிரிம் என்ற ஒரே எண்ணைப் பார்த்தார். ஈசியூ தன் கணக்கைத் திருத்தப் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. 3000 ஆர்பிஎம்மில் 18 சதவீதம் கூடுதல். "குழாய் கிழிஞ்சிருந்தா ஐடிலிங்லதான் சார் அதிகமா காட்டும், ரேஸ் பண்ணா குறையும். இங்க தலைகீழா இருக்கு" என்றார். சென்சாரைக் கழற்றினால் கம்பியில் மண். முந்தைய சர்வீஸில் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைச் சரியாக மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். இதற்கென்றே வரும் ஸ்ப்ரேயை அடித்துக் காயவிட்டு மாட்டினார், டிரிம் ஒழுங்குக்கு வந்தது. கார்புரேட்டர் கிளீனர் அடிப்பதோ துணியால் துடைப்பதோ கூடவே கூடாது, கம்பி போய்விடும்.

பிறகு ஒருநாள் அந்தச் சென்சாரே செத்துப்போனது. ஒரிஜினல் கிடைக்கவில்லை என்று வேறொரு கடையில் டூப்ளிகேட் போட்டுக் கொடுத்தார்கள். அது நேர் எதிர், காற்றைக் கூட்டிக் காட்டியது. சைலன்சரில் பெட்ரோல் வாடை, பிளக்கெல்லாம் கரி, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. அப்போது தேய்வது ரிங்கும் பேரிங்கும். மிச்சம், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் உள்கூட்டையே உருக்கிவிடும். ஒரிஜினலை வரவழைத்து, ஆயிலையும் மாற்றிய பிறகுதான் வண்டி பழைய நிலைக்கு வந்தது.

இப்போது ஒவ்வொரு சர்வீஸிலும் ஃபில்டர் பெட்டி கிளிப்பை நானே அழுத்திப் பார்க்கிறேன். எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் போடச் சொல்பவர்களிடம் வேண்டாம் என்கிறேன், அந்த எண்ணெயும் கம்பியில் படியும். உங்கள் காரில் இந்தச் சென்சார் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல சிறிய பெட்ரோல் கார்களில் இதற்குப் பதில், உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான் இருக்கும், அதற்கு வைத்தியம் வேறு.