ஆன் ஆர்பரில் பாட்டுக் கேட்க: தி ஆர்க்

மிச்சிகன் பல்கலைக்கழக ஊரான ஆன் ஆர்பரில், மெயின் ஸ்ட்ரீட்டில் மாடியில் இருக்கிறது தி ஆர்க். 1965இல் தேவாலயங்களின் முயற்சியில் ஹில் தெரு வீடொன்றில் தொடங்கிய, லாப நோக்கமில்லாத இசையரங்கு. மொத்தமே 400 இருக்கைகள். மேடையின் மூன்று பக்கமும் ஆட்கள். கிட்டார் வாசிப்பவரின் விரலைப் பார்க்கலாம். ஓரத்தில் உட்கார்ந்தால் பாடகரின் காதுதான் தெரியும். நடுப்பகுதியில் மூன்றாம், நான்காம் வரிசை உத்தமம்.

பெரும்பாலும் எண்ணிட்ட இருக்கை கிடையாது. உறுப்பினர்களை முதலில் விடுவார்கள். மற்றவர்கள் கதவு திறக்குமுன்பே வரிசையில் நிற்பது நல்லது. கார் என்றால் நாலாவது அவென்யூ, வில்லியம் தெரு முனையில் உள்ள அடுக்கு நிறுத்துமிடம் பக்கம்.

ஓபன் ஸ்டேஜ் இரவுகளில் யாரும் பாடப் பெயர் கொடுக்கலாம், குலுக்கலில் பெயர் வரவேண்டும். ஆளுக்கு இரண்டு பாட்டு அல்லது 8 நிமிடம். சுருதி சேர்ப்பதிலேயே இரண்டு நிமிடம் கரைப்பவர்கள் அதிகம். ஜனவரிக் குளிரில் கிட்டார் கம்பிகள் சுருங்கிச் சுருதி ஏறியிருக்கும். உள்ளே சூடேற ஏற இறங்கும். வந்தவுடன் சேர்த்தால் வீண். கிட்டார் பெட்டியைத் திறக்காமல் அரைமணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டென்று திறந்தால் வார்னிஷில் விரிசல் விழவும் கூடும்.

இங்கே பேச்சுச் சத்தம் இருக்காது, கேட்கத்தான் வருகிறார்கள். ஆடிக்கொண்டே கேட்க விரும்புகிறவர்களுக்கு இது சரிப்படாது. குளிர்கால கோட்டுகள் மட்டும் தொல்லை: மடியில் வைத்தால் முழங்கால் இடிக்கும்.