போர்வெல் தண்ணி யுரேனியம் டெஸ்ட்டும் ஐசோடோப் ரேஷியோ ரிப்போர்ட்டும்: காசு கொடுக்கலாமா? (5க்கு 3½)

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் போர் தண்ணிய டெஸ்ட்டுக்குக் கொடுக்க யோசிக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், தண்ணி குடிக்கலாமா வேணாமான்னு மட்டும் தெரியணும்னா சாதா யுரேனியம் டெஸ்ட் போதும், ஐசோடோப் ரேஷியோ பேக்கேஜுக்குப் (யுரேனியத்துல எடை வேற வேற வகைங்க எந்த விகிதத்துல இருக்குன்னு பாக்கறது) பணத்தக் கொட்டாதீங்க. அந்த யுரேனியம் எங்கேருந்து வந்துச்சுன்னு வீட்ல சண்டை நடந்தா மட்டும் ரெண்டாவது பேக்கேஜ். எங்க வீட்ல நடந்துச்சு. பெரியப்பச்சி குடும்ப குரூப்ல "அணு உலைக் கழிவு நிலத்தடில ஓடி வந்துருச்சு"ன்னு ஒரு ஃபார்வர்டு போட்டாங்க, அதுலேருந்து லீவுக்கு வர்ற பிள்ளைங்க கேன் தண்ணிலதான் பல்லே வெளக்குவோம்னு நிக்குதுங்க.

லேப் பேர் போடல, கேக்காதீங்க. காரைக்குடில கலெக்ஷன் மட்டும்தான், டெஸ்ட் வெளியூர்ல. பாட்டில் எடுக்க வந்த தம்பி நல்ல வெவரமான பையன். மோட்டார கொஞ்ச நேரம் ஓட விட்டு, பைப்ல தேங்கின பழைய தண்ணி எல்லாம் போனதுக்கப்புறம்தான் பிடிச்சாரு, ஃபில்டர் பண்ணாரு, கொஞ்சம் நைட்ரிக் ஆசிட் விட்டாரு. ஆசிட் விடலேன்னா யுரேனியம் பாட்டில் சுவர்லயே ஒட்டிக்கும், ரிசல்ட் கம்மியா வரும்னாரு, அது சரிதான். இதுக்கு முழு மார்க்.

ரிப்போர்ட்ல மூணு விஷயம். மொதல்ல அளவு, லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைக் கொஞ்சம் தாண்டியிருந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு 30, நம்ம அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வச்சிருக்கறது 60, அதனால ஒருத்தர் கணக்குல ஃபெயில் இன்னொருத்தர் கணக்குல பாஸ். இதுல முக்கியமா பாக்க வேண்டியது கதிர்வீச்சு இல்ல, இயற்கை யுரேனியத்தோட கதிர்வீச்சு ரொம்ப கம்மி, கெமிக்கலா கிட்னியத்தான் பாதிக்கும்.

ரெண்டாவது யுரேனியம் 235, யுரேனியம் 238ங்கற ரெண்டு வகைக்கும் உள்ள விகிதம். உலகத்துல எந்தப் பாறைய எடுத்தாலும் யுரேனியத்துல 235 சுமார் 0.72 சதவீதம்தான், அதாவது ஒரு 235 அணுவுக்குக் கிட்டத்தட்ட 138 அணு 238. இது அவ்வளவு கறாரான நம்பர், 1972ல ஆப்பிரிக்கால காபோன் நாட்டு ஓக்லோ சுரங்கத்து யுரேனியத்துல 0.717 வந்ததுக்கே பிரான்ஸ்காரங்க அரண்டு போய்த் தோண்டித் துருவிப் பாத்தா, அங்க கிட்டத்தட்ட ரெண்டு பில்லியன் வருஷத்துக்கு முன்னாடி இயற்கையாவே ஒரு அணு உலை எரிஞ்சு அணைஞ்சிருக்கு! செறிவூட்டின, அதாவது 235ஐக் கூட்டின யுரேனியம் கலந்தா நம்பர் ஏறும், டிப்ளீட்டட், அதாவது 235 கொறஞ்ச யுரேனியம் கலந்தா எறங்கும். எங்களது அப்படியே இயற்கை நம்பர். ரிப்போர்ட்ல "நேச்சுரல்"னு ஒரு வார்த்தை போட்டு முடிச்சுட்டாங்க.

இங்கதான் எனக்குக் கடுப்பு. கல்பாக்கத்துல ஓடற சென்னை அணுமின் நிலையம் செறிவூட்டாத இயற்கை யுரேனியத்ததான் எரிபொருளா போடுது, அப்போ எரிக்காத எரிபொருள் கலந்தா இந்த நம்பர் அசையவே அசையாதே? உலைக்குள்ள போய் வந்த யுரேனியமான்னு கண்டுபிடிக்க 236 பாக்கணும், அது 235 நியூட்ரானை முழுங்கிப் பொறக்கறது, பாறைல இல்லாத மாதிரிதான். இதை நான் போன் போட்டுக் கேட்டேன், மொதல்ல எடுத்த பொண்ணு "சார் ரிப்போர்ட்ல எல்லாம் இருக்கு"ன்னே சொல்லிட்டிருந்துச்சு, அப்புறம் ஒரு டெக்னிக்கல் ஆள் வந்து பொறுமையா பேசினாரு. 236 பாத்தோம், எங்க மெஷின்ல பிடிபடல, ரிப்போர்ட் ஃபார்மேட்ல அதுக்கு இடமில்லைன்னாரு. இடமில்லையாம்! மத்தபடி உலைக் கசிவுன்னா யுரேனியத்த விட, உலைல அணு பிளக்கறப்போ உண்டாகற சீசியம்தான் மொதல்ல காட்டிக்கொடுக்கும்னும் சொன்னாரு. சீசியம் 134ம் 137ம் ஃபுகுஷிமால 2011ல கிட்டத்தட்ட சரிக்குச் சரி, செர்னோபில்ல 1986ல 134 பாதிதான். 134க்கு அரை ஆயுள் (பாதி சிதைஞ்சு போற காலம்) ரெண்டே வருஷம், 137க்கு 30 வருஷம், அதனால தேதி கணக்குப் போட்டுத் திருப்பிப் பாத்தா எந்த விபத்துன்னு சொல்லிடலாம், பழைய அணுகுண்டு சோதனைத் தூசின்னா 134 இருக்காது. இந்தப் பத்து நிமிஷப் பேச்சு அந்த ரிப்போர்ட்ட விட மதிப்பு.

மூணாவது யுரேனியம் 234க்கும் 238க்கும் உள்ள ஆக்டிவிட்டி ரேஷியோ, அதாவது ஒரே நேரத்துல எது எவ்வளவு சிதையுதுங்கற விகிதம், எங்களுக்கு ஒண்ணுக்கு மேல வந்துச்சு. அசையாத பழம்பாறைல ரெண்டும் சமம். 238 சிதையறப்போ விழற அடில கல்லோட படிகம் சேதமாகி அதுலேருந்து பொறந்து அந்த எடத்துல உக்காந்திருக்கற 234 லூசாயிடும், தண்ணி அதைச் சுலபமா கரைச்சுக்கும். பெரும்பாலும் நிலத்தடித் தண்ணில அதனாலதான் 234 கூட நிக்குது. பாஸ்பேட் உரத்துலயும் யுரேனியம் உண்டு, ஆனா அதுல ரேஷியோ ஒண்ணு பக்கமா இருக்கும். அப்போ எங்க தண்ணில கை வச்சது உலையும் இல்ல, பெரும்பாலும் உரமும் இல்ல, கீழ இருக்கற பாறைதான். "பெரும்பாலும்"னு சொல்றேன், ஏன்னா ஒரே ஒரு போர் பாத்து உரத்த முழுசா விடுதலை பண்ண முடியாது, பக்கத்துல நாலு போர், வயல்ல போடற உரம் எல்லாம் சேத்துப் பாத்தாத்தான் ஆச்சு.

ஆன்லைன்ல விக்கற கதிர்வீச்சு அளக்கற கையடக்க கைகர் கவுன்ட்டர் வாங்கிடாதீங்க. தண்ணி கிட்ட காட்டினா இந்த அளவு யுரேனியத்துக்கு ஒண்ணுமே காட்டாது, வளவுல இருக்கற கருங்கல் தூண்ல வச்சா கொஞ்சம் ஏறும், அதைப் பாத்து ஆச்சி பயந்து தூண்ல சாய மாட்டேங்கறாங்க, அவ்வளவுதான் பலன்.

தண்ணியக் காய்ச்சினா யுரேனியம் போகாது, சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஆர்ஓ எடுத்துடும். மழைத்தண்ணி இன்னும் நல்லது, கல்லுக்குள்ள ஊறாம நேரா வர்றது, முற்றத்துல அண்டா வச்சுப் பிடிச்ச வீடுங்க நம்மளது, மழை விழற மெத்தை (மாடித் தளம்) மட்டும் சுத்தமா இருக்கணும்.

டெஸ்ட் எடுக்கறவங்க 236 ரிசல்ட்டையும் ரிப்போர்ட்ல எழுதித் தரணும்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிக்கோங்க. ரிப்போர்ட் இங்கிலீஷ்லதான் வருது, தமிழ் கிடையாது. கலெக்ஷன்ல கார்டு எடுக்கல, ஜிபே இல்ல கையில பணம்.