சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் ரூம் போடுகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

நேற்றுதான் திருப்பூர் வந்து சேர்ந்தோம். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுதுவது கோர்வையாக வராது. ஆனால் இப்போதே எழுதாவிட்டால் அடுத்த வருடமும் யாராவது இதே மாதிரி 8,400 ரூபாயை விட்டுவிட்டு நடுத்தெருவில் நிற்பார்கள்.

அழகர் ஆற்றில் இறங்குவதை அம்மா டிவியில்தான் பார்த்திருக்கிறார். இந்தத் தடவை நேரில் காட்டிவிடலாம் என்று மூன்று இரவுக்குத் திட்டம் போட்டோம். முதல் ராத்திரி, மதுரைக்கு வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, விடிந்ததும் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவது, மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம், அன்று ராத்திரி ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். தூங்கா நகரம் என்பதை அந்த நாட்களில் போய்ப் பார்க்க வேண்டும், நடுச்சாமத்துக்குப் புரோட்டாக் கல் சூடாக இருக்கும், பிள்ளைகுட்டிகளோடு ஊரே ரோட்டில் இருக்கும். ஆனால் அம்மாவுக்கு முட்டித் தேய்மானம், இடையில் வந்து கால் நீட்டிப் படுக்க ஓர் இடம் கட்டாயம் வேண்டும். அதனால் ஆற்றுக்குப் பக்கமாக, கோரிப்பாளையத்தில் ஒரு லாட்ஜை ஆன்லைன் புக்கிங் ஆப் ஒன்றில் போட்டேன். பணம் நேரில் கட்டினால் போதும் என்று இருந்தது. குறிப்பு எழுதும் கட்டத்தில், அம்மாவுக்கு முட்டி வலி, கீழ்த்தளத்தில் ரூம் வேண்டும் என்று எழுதினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே போன் வந்தது. "அக்கா, லாட்ஜ்ல இருந்து பேசுறேன். அம்மாவுக்கு முட்டி வலின்னு போட்டிருக்கீங்கள்ல, கீழேயே ஒரு ரூம் எடுத்து வச்சிருக்கேன். திருவிழா நேரம்க்கா, முழுப் பணம் கட்டுனவங்களுக்குத்தான் சாவி, இல்லாட்டி சாயங்காலம் தானா கேன்சல் ஆயிரும்." என் பேர், தேதி, புக்கிங் நம்பர், எத்தனை பேர் வருகிறோம், எல்லாம் சரியாகச் சொன்னான். வாட்ஸ்அப்பில் லாட்ஜ் போட்டோவோடு ஒரு க்யூஆர் அனுப்பினான். அந்த முட்டி வலியைப் பற்றி ஆப்பில் எழுதியதைத் தவிர நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொன்னவன் லாட்ஜ்காரன் இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? 8,400 ரூபாய் கட்டினேன். ரசீது மாதிரி ஒன்றும் வந்தது.

எதிர்சேவை அன்று ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால், கூட்டத்தில் சிம்மக்கல்லோடு நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து ஏ.வி. பாலம் தாண்டி அம்மாவை மெதுவாக நடத்தியே கூட்டிப்போய்ச் சேரும்போது ராத்திரி பதினொன்று. வரவேற்பில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆறு மணி வரைக்கும் பாத்தோம், நீங்க வரல, வேற ஆளுக்குக் குடுத்தாச்சு." பணம் கட்டியாச்சே என்று ரசீதைக் காட்டினால், "இது எங்க நம்பரே இல்லம்மா, எவனோ எங்க பேர்ல பண்ணிருக்கான், ஆப்ல கேளுங்க." ஆப்பில் கேட்டால், ஆப்புக்கு வெளியே கட்டிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, லாட்ஜைக் கேளுங்கள் என்றார்கள். பணம் வாங்கியவன் நம்பர் சுவிட்ச் ஆஃப். அம்மா அங்கே சோபாவில் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று கேட்டதற்கு, கெஸ்ட்டுக்கு மட்டும்தான் என்றார்கள். இதை என்னால் மறக்கவே முடியாது.

தல்லாகுளம் போகிற வழியில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு உசிலம்பட்டிக் குடும்பம்தான் அம்மாவுக்கு இடம் விட்டது. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். விடியற்காலையில் அம்மா, வீட்டிலிருந்து கொண்டுபோன சர்க்கரைச் செம்பில் தீபம் ஏற்றி, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குதிரையின் தலையையும் குடையையும் மட்டும் பார்த்தார். முட்டி வீங்கிவிட்டது. தேனூர் மண்டபமும் இல்லை, தசாவதாரமும் இல்லை, அன்றைக்கே பஸ் ஏறிவிட்டோம்.

8,400 ரூபாய் எங்களுக்குச் சின்னப் பணம் இல்லை. அதைவிட, நான் எழுதிய குறிப்பு அவன் கைக்கு எப்படிப் போனது என்று ஆப்பிலும் கேட்டேன், லாட்ஜிலும் கேட்டேன். இரண்டு பேரும் பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள், இதற்குப் பதிலே இல்லை. இரண்டில் ஓர் இடத்திலிருந்துதான் போயிருக்கிறது. ஆப்பில் என் புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடியும் விட்டார்கள். என்ன தீர்ந்தது?

ரூம் போடுவது பற்றி விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. உங்கள் விவரம் முழுக்கத் தெரிந்தவன் போன் செய்தாலும் பணம் அனுப்பாதீர்கள். லாட்ஜ் போர்டில் இருக்கும் நம்பரை மதுரையில் தெரிந்தவர் யாரையாவது நேரில் பார்த்து வாங்கித் தரச் சொல்லி, அதில் பேசுங்கள். எதிர்சேவை அன்று மத்தியானத்துக்குள் போய்ச் சாவியை வாங்கிவிடுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், பணம் போன கணக்கிலேயே இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு. லாட்ஜ், ஆப் மேல் புகார் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டிலும் கொடுத்திருக்கிறேன், பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள், அதை வாங்கத்தான் இப்போது கிளம்புகிறேன்.