ஸ்டிக்கரில் 2019, அடியில் ஏ1419

செகண்ட் ஹேண்டில் 27 இன்ச் ஐமேக் (திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆப்பிள் கம்ப்யூட்டர்) வாங்கும் எண்ணம் இருந்தால், பணம் கொடுக்கும் முன் ஸ்டாண்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும். ஏ1419 என்றால் 2012 கடைசியிலிருந்து 2017 வரை வந்த மாடல்களில் ஒன்று. 2019, 2020 மாடல்கள் ஏ2115. கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் இந்த எண் மாறாது.

அக்கா மகளின் டிசைன் வேலைக்காக சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கினோம். ஐ.டி. கம்பெனி கழித்துக்கட்டிய மெஷின்கள் என்றார்கள். வாட்ஸ்அப் விளம்பரத்திலும் மெஷின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலும் '2019 மாடல், லேட்டஸ்ட் மேக்ஓஎஸ்' என்றிருந்தது. போட்டுக் காட்டியபோது, மேக்கை இயக்கும் மென்பொருளான மேக்ஓஎஸ்ஸின் சோனோமா பதிப்பு பளிச்சென்று ஓடியது. 5கே திரை வேறு, கேட்கவா வேண்டும்! ஆப்பிள் மெனுவில் 'அபவுட் திஸ் மேக்' திறந்தாலே வருடம் தெரிந்துவிடும். டெமோ காட்டிய பையன் மவுஸை அந்தப் பக்கமே விடவில்லை.

சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. அப்டேட் கேட்கிறதே என்று அவள் அழுத்தினாள். மெஷின் மறுபடி எழுந்தபோது வைஃபை இல்லை. விண்டோவை நகர்த்தினால் திக்கித் திக்கி வந்தது. அப்போது பார்த்தால் 'லேட் 2015'. இந்த மாடலுக்குப் புது மேக்ஓஎஸ் தருவதை, சோனோமாவை விடப் பழைய மான்டெரி பதிப்போடு ஆப்பிள் நிறுத்திக்கொண்டது. ஓபன்கோர் லெகசி பேட்சர் என்ற இலவச மென்பொருளை வைத்து சோனோமாவை ஏற்றியிருக்கிறார்கள். அது நல்ல கருவிதான்; பழைய மேக் வைத்திருக்கும் பலர் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். ஆனால் அப்டேட் ஆனதும் அது போடும் பேட்ச்சை (ஒட்டுத் திருத்தத்தை) மறுபடி போட வேண்டும், இல்லையென்றால் இப்படித்தான் வைஃபையும் கிராஃபிக்ஸும் படுத்துவிடும். அதை மறைத்து விற்றதுதான் திருட்டுத்தனம்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "சாஃப்ட்வேர் பிராப்ளம் சார், ஃபார்மேட் பண்ண 2,500 ஆகும்" என்றார். 2015 என்று சொன்னதும் குரல் மாறிவிட்டது. "பிடிக்கலேன்னா லேப்டாப்புக்கு மானிட்டரா வச்சுக்கோங்க சார், ஒரு கேபிள் போதும்."

இது அடுத்த புளுகு. கேபிள் செருகினால் இன்னொரு கம்ப்யூட்டருக்குத் திரையாக மாறும் 'டார்கெட் டிஸ்ப்ளே மோட்' வசதி, 2009 கடைசி முதல் 2014 நடுப்பகுதி வரை வந்த ஐமேக்குகளில்தான் உண்டு, அதிலும் எல்லாவற்றிலும் இல்லை. 5கே ஐமேக் எதிலும் கிடையவே கிடையாது. மானிட்டர்தான் வேண்டுமென்றால் பசை போட்டு ஒட்டிய திரையைப் பிரித்து, மதர்போர்டைக் கழற்றிவிட்டு, 5கே பேனலுக்கான கண்ட்ரோலர் போர்டு பொருத்த வேண்டும். அது தனிச் செலவு, திரை விரிசல் விடும் அபாயம் வேறு.

திருப்பி எடுக்க மாட்டார்களாம். பில்லில் 'யூஸ்டு ஐமேக்' என்பதோடு சரி. மாடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. நீங்கள் வாங்கினால் இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். எங்களிடம் அந்த வாட்ஸ்அப் விளம்பரம் அழியாமல் இருக்கிறது. அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை.