ஆட்டோகேட் மெதுவாக ஓடுகிறதா? சர்வீஸ் கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் இழுக்கிறது என்று லேப்டாப்பைச் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக நினைப்பவர்கள் சற்றுப் பொறுங்கள். எனக்கு நேற்றுதான் உண்மை தெரிய வந்தது. 11,800 ரூபாயைப் பறிகொடுத்த ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன்.

வீட்டு வரைபடங்கள் வரைந்து கொடுப்பது என் தொழில். சில மாதங்களாகவே வரைபடத்தை நகர்த்தினால் திரை விட்டுவிட்டு நகர்ந்தது. லேப்டாப் பழுது பார்க்கும் கடை ஒன்றில் காட்டியபோது, கடைக்காரர் ஆட்டோகேடைத் திறந்துகூடப் பார்க்காமல், ரேம் போதாது, ஹார்ட் டிஸ்க்கும் பழையது, கூடுதலாக 8 ஜிபி ரேமும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான 512 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் போட்டால் பறக்கும் என்றார். வேலை முடிந்ததும் என் கண்ணெதிரே ஆன் செய்து காட்டினார். முன்பெல்லாம் நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்த லேப்டாப் சில நொடிகளில் தயாராகிவிட்டது. "பாத்தீங்களா சார், எல்லாம் புதுப் பொருள், மூணு வருஷ வாரண்டி" என்றார். அந்த வேகத்தைப் பார்த்த நம்பிக்கையில்தான் 11,800 ரூபாயையும் அங்கேயே யுபிஐயில் அனுப்பினேன்.

வீட்டில் வரைபடத்தைத் திறந்தால் அதே இழுவை. போனில் கேட்டபோது, புது டிஸ்க் செட் ஆகச் சில நாள் பிடிக்கும் என்றார். நேரில் போனபோது உங்கள் ஃபைல் பெரியது என்றார். அடுத்த முறை, திருட்டு சாஃப்ட்வேர் என்றால் அப்படித்தான் ஓடும் என்று கடையில் இருந்தவர்கள் காதுபடச் சொன்னார். ஆண்டுதோறும் சந்தா கட்டிப் பயன்படுத்துபவனிடம் சொன்ன சொல் இது! அதன்பின் போனையே எடுக்கவில்லை.

உடன் வேலை செய்யும் தம்பி ஒருவர் நேற்று, லேப்டாப்பின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வரைபடத்தை நகர்த்தச் சொன்னார். திரையில் படம் காட்டும் வேலையில் திறன் குறைந்த இன்டெல் கிராபிக்ஸ் உச்சத்தில் திணறிக்கொண்டிருக்க, அதே வேலைக்கென்றே தனியாக உள்ள, திறன் கூடிய என்விடியா கார்டு பூஜ்யத்திலேயே நின்றது. விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதற்குள் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், ஆட்டோகேடுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றி, ஆட்டோகேடை மூடித் திறந்தார். இழுவை போய்விட்டது. காசே செலவில்லாத இந்த வேலைக்குத்தான் 11,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

அதைவிடக் கொடுமை, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்தப் 'புது' எஸ்.எஸ்.டி.யைப் பார்த்தபோது, அது ஏற்கெனவே 9,000 மணி நேரத்துக்கும் மேல் ஓடியிருந்தது. யாரோ கழற்றிப் போட்டதைத் துடைத்து எனக்கு மாட்டியிருக்கிறார்கள். கையால் எழுதித் தந்த பில்லில் சீரியல் எண்ணும் இல்லை, வாரண்டி பற்றி ஒரு வரியும் இல்லை. பில்லையும் அந்தத் திரையின் படத்தையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யப் போகிறேன்.

மற்ற யோசனைகளை விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. எந்தக் கிராபிக்ஸில் ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள். சார்ஜர் மாட்டியிருக்கிறதா, சி டிரைவ் நிரம்பிவிட்டதா, விசிறியில் தூசி அடைத்துச் சூடேறுகிறதா என்றும் கவனியுங்கள். தேவையற்றவை சேர்ந்து கனத்த வரைபடத்தை 'பர்ஜ்' கட்டளையால் சுத்தம் செய்யுங்கள். பாகம் மாற்றியே ஆகவேண்டும் என்றால் சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள். கடையிலேயே உங்கள் வரைபடத்தைத் திறந்து நகர்த்திப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.