கேட்டர்ஸ்கின் டயர்: 6,000 கிலோமீட்டருக்குப் பிறகு

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சாலையின் நடுப்பகுதியைவிட அதன் ஓரமே நன்றாகப் பழக்கம். வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்குகிற அந்த ஓரத்தில்தான் உடைந்த பாட்டில் சில்லுகளும், வேலியோரத்திலிருந்து வந்து விழுந்த சீமைக் கருவேல முட்களும், வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்த கம்பித் துணுக்குகளும் கிடக்கின்றன. என் ரோடு பைக்குடன் வந்த 25 மி.மீ. டயர்கள் ஒரே ஆண்டில் 11 முறை பஞ்சரான பிறகு, கான்டினென்டல் நிறுவனத்தின் கேட்டர்ஸ்கின் டயர் இரண்டை, 28 மி.மீ. அகலத்தில், மடித்து வைக்கக்கூடிய வகையாகப் பார்த்து வாங்கினேன். 14 மாதங்களும் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டரும் ஓடிய பிறகு எழுதும் மதிப்பீடு இது. இதுவரை இரண்டே பஞ்சர். அவற்றில் ஒன்று என் கைப்பிழையால் வந்தது.

புது டயர் வாங்குவதற்கு முன்பு நான் செய்த உருப்படியான காரியம், பரணில் போட்டு வைத்திருந்த பழைய ட்யூப்களை எடுத்து, ஒட்டுப் போட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்ததுதான். 11 பஞ்சர்களில் ஐந்து மட்டுமே சாலையைப் பார்த்திருக்கும் வெளிப்பக்கத்தில் ஒற்றை ஓட்டையாக இருந்தன. நான்கில் பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு கீறல்கள். காற்றுக் குறைந்த சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்குவதால் வருவது இது. மீதி இரண்டும் உட்பக்கத்தில், ரிம்மை ஒட்டிய இடத்தில் இருந்தன. ரிம்மின் ஆரக்கம்பித் துளைகளை மூடும் நாடாவான ரிம் டேப் விலகி, துளையின் விளிம்பு ட்யூபை அறுத்திருந்தது. ஆக, எவ்வளவு விலை கொடுத்து எந்த டயரை வாங்கியிருந்தாலும் தடுத்திருக்கக்கூடியது அந்த ஐந்தை மட்டும்தான். மற்ற ஆறும் என் பம்பும் என் சோம்பலும் சேர்ந்து செய்தவை. இணையத்தில் டயர் மதிப்பீடுகளைப் படிப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

கேட்டர்ஸ்கின்னில் தரையைத் தொடும் ரப்பருக்கு அடியில், நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் இழைப் பட்டை ஒன்று ஓடுகிறது; பாலிஎக்ஸ் பிரேக்கர் என்பது அதன் பெயர். பக்கச் சுவர்களில் பழுப்பு நிறத்தில் தெரியும் பாலியமைடு வலையை டுராஸ்கின் என்கிறார்கள். முள்ளையும் சில்லையும் தடுப்பது முதலாவது. கருங்கல் ஜல்லியின் கூர் பக்கவாட்டில் கிழித்துவிடாமல் காப்பது இரண்டாவது. இந்தப் பக்கச் சுவர்தான் இந்த டயரின் உண்மையான பலம் என்பது என் கருத்து. ரப்பரில் விழுந்த ஓட்டையை ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். பக்கச் சுவர் கிழிந்துவிட்டால் முட்டுக்காட்டுப் பாலத்திலிருந்து வண்டி பிடித்துத்தான் வீடு திரும்ப வேண்டும்.

என் டயர்களில் இப்போது சிறு வெட்டுகள் ஏராளம். மாதம் ஒருமுறை காற்றைக் குறைத்துவிட்டு, ரப்பரில் பதிந்திருக்கும் கண்ணாடித் துகள்களை ஊசியால் நெம்பி எடுக்கிறேன். எடுக்காமல் விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அவை இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். இன்று ஏறிய சில்லு மூன்று வாரம் கழித்துப் பஞ்சராக்குவது இப்படித்தான். முள்ளைப் பொறுத்தவரை இந்த டயர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் லாரி டயரின் எஃகுக் கம்பி வேறு வகை எதிரி. தலைமுடியைவிடச் சற்றே தடித்த அந்தத் துணுக்கு நெசவின் இடைவெளி வழியாகவே நுழைந்துவிடுகிறது. எனக்கு வந்த இன்னொரு பஞ்சர் அதனால்தான். இதற்காக டயரைக் குறை சொல்ல மாட்டேன். கம்பியையும் தடுக்கத் தடிமனான பட்டை வேண்டும் என்பவர்களுக்கு ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் இருக்கிறது. அதில் ரப்பருக்கு அடியில் 5 மி.மீ. தடிமனில் பாதுகாப்பு அடுக்கு உண்டு. ஆனால் எடை கேட்டர்ஸ்கின்னைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். தினமும் அலுவலகம் போய் வருவதற்கு அது சரி. ரோடு பைக்கின் துள்ளலை விரும்பி வாங்கியவருக்கு அது தண்டனை.

அளவு பற்றி ஓர் எச்சரிக்கை. நம் ஊர்ச் சைக்கிள் கடையில் '28 டயர்' என்று கேட்டால், தாத்தா காலத்து உயரமான சைக்கிளுக்கான 28 அங்குல டயரை எடுத்துக் கொடுப்பார்கள். அதன் விளிம்பு விட்டம் 635 மி.மீ.; ரோடு பைக்கின் 700சி சக்கரத்துக்கு வேண்டியது 622. டயரின் பக்கத்தில் 28-622 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதே பிழையற்ற வழி. முதல் எண் அகலம், இரண்டாவது எண் விட்டம். 28 மி.மீ. டயர் உங்கள் பிரேக்குக்கும் ஃபிரேமுக்கும் இடையில் உரசாமல் சுழலுமா என்பதையும் அளந்து பாருங்கள். பழைய ஃபிரேம்கள் பலவற்றில் 25-க்கு மேல் இடமிருக்காது. இடமிருந்தால் 28-தான் என் பரிந்துரை. அகலம் கூடினால் உள்ளே காற்று அதிகம் பிடிக்கும். அதனால் குறைந்த அழுத்தத்திலும் ட்யூப் எளிதில் நசுங்குவதில்லை.

அழுத்தம் என்றதும், டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண்ணைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது உச்ச வரம்பு. அடிக்க வேண்டிய அளவு அல்ல. 72 கிலோ எடையுள்ள நான் பின்சக்கரத்தில் 80 பிஎஸ்ஐ, முன்சக்கரத்தில் 72 வைத்துக்கொள்கிறேன். ரோடு பைக்கின் மெல்லிய ட்யூபில் காற்று நாள்தோறும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம் கண்டுகொள்ளாவிட்டால் பாம்புக்கடிக்கு வழி திறந்துவிடும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை. 60-க்கும் 80-க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. அளவுமானி உள்ள நின்று அடிக்கும் பம்பு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் அடித்த பிறகுதான் நான்கு பாம்புக்கடிகள் பூஜ்யமாயின.

மாட்டுவது எளிதல்ல. புதிய கேட்டர்ஸ்கின்னின் விளிம்பு விறைப்பானது. முதல் முறை கடைசி ஒரு சாண் நீளத்தை ரிம்முக்குள் தள்ள முடியாமல் லீவரைப் போட்டு நெம்பினேன், ட்யூபும் அதில் சேர்ந்து கடிபட்டது. மேலே சொன்ன கைப்பிழை இதுதான். பிறகு கற்றுக்கொண்ட முறையைச் சொல்கிறேன். டயரைப் பிரித்து அரை நாள் வெயிலில் வைத்தால் மடிப்பு விறைப்பு தளரும். ரிம் டேப் எல்லாத் துளைகளையும் மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, டயரின் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி ஒரு விளிம்பை ஏற்ற வேண்டும். பெயரை வால்வுக்கு நேராக வைப்பது அழகுக்காக அல்ல. பஞ்சரான பின் ட்யூபில் ஓட்டை இருக்கும் இடத்தை வால்விலிருந்து அளந்தால், டயரில் முள் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது உடனே தெரியும். முள்ளை எடுக்காமல் புது ட்யூப் போட்டால், அடுத்த கிலோமீட்டரில் அதே முள் அதையும் குத்தும். ட்யூபுக்கு உருண்டை வடிவம் வருகிற அளவுக்கு மட்டும் காற்று ஊதி உள்ளே வைத்து, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, வால்வுப் பக்கத்தில் முடிக்க வேண்டும். ரிம்மின் நடுவில் பள்ளம் உண்டு. ஏறிவிட்ட விளிம்பை இரு கைகளாலும் கிள்ளி அந்தப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசிப் பகுதிக்கு வேண்டிய தளர்வு கிடைத்துவிடும், லீவர் தேவைப்படாது. முழுக் காற்று அடிப்பதற்கு முன்பு, சக்கரத்தைச் சுற்றி இருபுறமும் டயரை விலக்கி, ட்யூப் எங்காவது எட்டிப்பார்க்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வழியில் பஞ்சர் கடையை நம்பியிருப்பவர்கள் சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்திருக்க வேண்டும். ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வு அவர்களுடைய காற்றுக் குழாயில் பொருந்தாது. ஒட்டுப் போடுவதில் அவர்களுக்கு நிகரில்லை. ஆனால் டயரைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் மரியாதையாகத் தடுத்து உங்கள் பிளாஸ்டிக் லீவரை நீட்டுங்கள்.

குறைகளுக்கு வருகிறேன். இது விரைவான டயர் அல்ல. கான்டினென்டலின் கிராண்ட் பிரீ 5000 டயரில் ஓட்டியவர்களுக்கு இதன் மரத்தன்மை முதல் கிலோமீட்டரிலேயே தெரியும். அதைவிட முக்கியம், ஈரத்தில் இதன் பிடிமானம் சுமார்தான். ஐப்பசி மழையில் நனைந்த வெள்ளைக் கோடுகளின் மேலும் பாலத்து இரும்பு இணைப்புகளின் மேலும் நான் வளைவதே இல்லை. ட்யூப்லெஸ் போடலாமே என்பார்கள் நண்பர்கள். உள்ளே ஊற்றும் திரவம் சிறு துளைகளைத் தானாக அடைக்கும் என்பது உண்மை; ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடுவதால் அடிக்கடி ஊற்ற வேண்டும், வீட்டில் அந்தப் பிசுபிசுப்பைத் துடைக்க எனக்குப் பொறுமை இல்லை. கொக்கி விளிம்பு இல்லாத புது வகை ரிம் வைத்திருப்பவர்கள் மட்டும் ட்யூப்லெஸ்ஸுக்கென்று செய்த டயர்களையே போட வேண்டும், 5 பார் (ஏறத்தாழ 72 பிஎஸ்ஐ) அழுத்தத்துக்கு மேல் காற்று அடிக்கவும் கூடாது. கேட்டர்ஸ்கின் அவர்களுக்கானது அல்ல.

பஞ்சர் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கே வருகிறது. எடை அதன்மேல் இருக்கிறது, முன்சக்கரம் புரட்டிவிட்ட முள்ளும் அதற்கே கிடைக்கிறது. வழுக்கினால் ஆளைக் கீழே தள்ளுவதோ முன்சக்கரம். அதனால் அடுத்த மழைக்கு முன்பு, முன்னால் ஈரத்தில் இன்னும் நன்றாகப் பிடிக்கும் கிராண்ட் பிரீ 4-சீசன் ஒன்றைப் போடப் போகிறேன். கழற்றும் கேட்டர்ஸ்கின், நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும் பின் டயரின் இடத்துக்குப் போகும்.